படித்துக் காட்டிய பின்னரே ஒப்புதல்

(மும்பை மாடுங்காவில் தமிழ் இளைஞர்களும் சிறுதொழில் புரிவோரும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைக்கும் ஓய்வையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே, நேரடியாகவே பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், தாராவியில் தோல் பை தைத்து விற்கும் இளைஞர் ஒருவர் செம்பூரில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். கைபேசியை நீட்டி, "அண்ணாச்சி, இதை அமுக்கலாமா?" என்று கேட்டார். திரையின் மேற்பகுதியில் 'கையொப்பக் கோரிக்கை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழ் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர். அதற்கும் கீழே எண்களும் எழுத்துகளும் கலந்த நான்கைந்து வரிகள். அடியில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று மறுப்பதற்கு, மற்றொன்று ஒப்புக்கொள்வதற்கு. அவர் ஈராண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த கிரிப்டோ நாணயங்கள் அந்தக் கைபேசிப் பணப்பையில் இருந்தன.

முப்பது ஆண்டுகள் வங்கியில் காசோலைகளையும் அடமானப் பத்திரங்களையும் ஜாமீன் கடிதங்களையும் வரிக்கு வரி படித்துப் பழகியவன் நான். அந்த நான்கு வரிகளை என்னால் படிக்க இயலவில்லை. "அமுக்க வேண்டாம் தம்பி" என்றேன். "சரி அண்ணாச்சி, அப்படியென்றால் இதைப் படிக்கத் தெரிந்தவர் யார்?" என்று அவர் கேட்டார். அன்று அதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே ஆகும்.

முதலிலேயே ஒன்றைக் கூறிவிட விரும்புகிறேன். கிரிப்டோ நாணயத்தை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வதற்காக நான் இங்கு நிற்கவில்லை. வாங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது கண்கூடு. அவர்கள் தாங்கள் எதற்கு ஒப்புதல் அளிக்கிறோம் என்பதை, அளிப்பதற்கு முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

கைநாட்டும் கையொப்பமும்

என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊரில் தங்கைக்குத் திருமணம் வந்தபோது, வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒருவரிடம் முந்நூறு ரூபாய் வாங்கினார். ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டில் பெருவிரலை உருட்டினார். தொகை எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பின்னர் அந்த இடத்தில் எழுதப்பட்ட தொகை எண்ணூறு. அந்தக் கடன் தீர எங்கள் குடும்பத்திற்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

வங்கியில் சேர்ந்த பின்னரே இதன் சட்ட நிலையை நான் அறிந்தேன். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 20ஆவது பிரிவு, முழுமையாக நிரப்பப்படாத முத்திரைத் தாளில் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அந்த முத்திரையின் மதிப்பு தாங்கும் அளவுக்குத் தொகையை நிரப்பிக்கொள்ளும் உரிமையைப் பெற்றவருக்குக் கொடுத்ததாகவே கருதுகிறது. வெற்றுத் தாளில் இடப்படும் கையொப்பம் அத்தனை வலிமை உடையது.

ஆயினும், நம் முன்னோர் இதற்கு ஒரு காப்பும் வைத்திருந்தார்கள். பழைய தமிழ்ப் பத்திரங்களின் முடிவில், 'படிக்கக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டு' கையொப்பமிடுவதாக ஒரு வாசகம் இருக்கும். பத்திரத்தை எழுதியவர் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சாட்சிகள் உடனிருக்க வேண்டும். நம் நீதிமன்றங்களும் இதே வழியில் சென்றன. கோஷாப் பெண்களும் எழுத்தறிவற்றவர்களும் இட்ட கையொப்பம் என்றால், பத்திரத்தின் பொருள் அவர்களுக்கு விளக்கப்பட்டது என்பதை, அப்பத்திரத்தால் பயனடைபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது பிரிவி கவுன்சில் காலந்தொட்டு நிலைபெற்ற நெறியாகும். விளக்கும் பொறுப்பு, தாளை நீட்டுகிறவர் மீது சுமத்தப்பட்டது. இதை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இவ்வுரை முழுவதற்கும் இதுவே அச்சாணி.

மேலாளர் இல்லாத பணம்

கிரிப்டோ நாணயம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகள் ஒரே பேரேட்டைத் தம்மிடம் வைத்திருக்கின்றன. அந்தப் பேரேட்டில் உங்கள் கணக்குக்கு ஒரு முகவரி உண்டு. எத்தீரியம் என்னும் வலையமைப்பில் அம்முகவரி 42 குறிகள் கொண்டது. அதற்கு உரிய இரகசியச் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கும். நீங்கள் 'ஒப்புதல்' என்பதைத் தொட்டால், கைபேசி அந்தச் சாவியைக் கொண்டு கட்டளைக்கு ஒரு கணிதக் கையொப்பம் இடுகிறது. கையொப்பம் சரியானதா என்று மட்டுமே கணினிகள் பார்க்கும். இட்டவர் புரிந்துகொண்டு இட்டாரா, ஏமாந்து இட்டாரா என்று பார்க்கும் வழி அவற்றுக்கு இல்லை.

வங்கியில் தவறான காசோலை சென்றுவிட்டால் ஓடிவந்து பணம் தராதே என்று நிறுத்தலாம், மேலாளரிடம் முறையிடலாம், வங்கிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இந்தப் பேரேட்டில் மேலாளர் இல்லை. ஒருமுறை பதிவான வரியைத் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே, பாதுகாப்பு முழுவதும் கையொப்பத்திற்கு முந்திய அந்தச் சில நொடிகளிலேயே அடங்கியிருக்கிறது.

மும்பையில் நடந்தது

'படிக்காதவர்கள் ஏமாறுவார்கள், படித்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்' என்று எண்ணுவோர் உண்டு. நம் மும்பையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தைத் தகர்த்துவிட்டது.

வசீர்எக்ஸ் என்பது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு 2018இல் தொடங்கிய கிரிப்டோ பரிமாற்ற நிலையம். 2024 ஜூலை 18 அன்று அதன் பணப்பை ஒன்றிலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிக மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. நம் பணத்தில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய். அப்பணப்பை ஒருவர் கையில் இருந்ததன்று. அதற்கு ஆறு கையொப்பதாரர்கள்: ஐவர் வசீர்எக்ஸ் நிறுவனத்தினர், ஒருவர் லிமினல் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர். வசீர்எக்ஸ் தரப்பில் மூவர் ஒப்பமிட்டு, பின் லிமினல் தரப்பும் ஒப்பமிட்டால்தான் பணம் நகரும். ஒப்பமிட்டவர்கள் சாவியைத் தனிக் கருவிகளில் வைத்திருந்தார்கள். நாணயம் செல்லத்தக்க முகவரிகளின் அனுமதிப் பட்டியலும் இருந்தது. வங்கியில் நாங்கள் பெட்டகத்திற்கு இரட்டைச் சாவி வைத்திருப்போம். இது அதனினும் கடுமையான ஏற்பாடு.

அப்படியிருந்தும் களவு எவ்வாறு நிகழ்ந்தது? திரையில் காட்டப்பட்ட பரிவர்த்தனை வேறு, உண்மையில் கையொப்பமிடப்பட்ட பரிவர்த்தனை வேறு என்று வசீர்எக்ஸ் அறிவித்தது. திரையில் தெரிந்தது அன்றாட மாற்றம் ஒன்று. கையொப்பமோ, பணப்பையின் ஆட்சியையே வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. தன் அமைப்பில் ஊடுருவல் ஏதும் நிகழவில்லை என்று லிமினல் மறுத்தது. இந்தக் களவை வடகொரியாவைச் சார்ந்த குழுவினரே நிகழ்த்தினர் என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று அரசுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

நிலையத்தில் நாணயம் வைத்திருந்தோர் அதை எடுக்க இயலாமல் தவித்தனர். சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேறி, 2025 அக்டோபர் 24 அன்று வாணிபம் மீண்டும் தொடங்கும்வரை பதினைந்து மாதங்கள் கடந்தன.

இதே முறையில் இதனினும் பெரிய களவும் நடந்தது. 2025 பிப்ரவரி 21 அன்று துபாயிலிருந்து இயங்கும் பைபிட் நிலையம் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை இழந்தது. கையொப்பமிடுவோர் பார்க்கும் பக்கத்தையே திருடர்கள் மாற்றி வைத்திருந்தனர். பக்கம் வழக்கமான மாற்றத்தைக் காட்டியது. கையில் இருந்த சிறு கருவியோ, சாதாரண மனிதரால் படிக்க இயலாத குறிகளைக் காட்டியது. கையொப்பமிட்டவர்களுள் அந்நிறுவனத்தின் தலைவரும் ஒருவர். இக்களவும் வடகொரியாவின் செயலே என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனம் சில நாட்களில் அறிவித்தது.

இதற்குத் தொழில் வட்டாரத்தில் 'குருட்டுக் கையொப்பம்' என்று பெயர். சிந்தித்துப் பாருங்கள்: கணினித் துறையில் தேர்ந்தவர்கள், சிறந்த கருவிகளுடன், பலர் கூடி இட்ட கையொப்பம், என் தந்தையார் கொட்டடி வாசலில் உருட்டிய பெருவிரல் ரேகையிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இருவருமே பிறர் சொல்லித்தான் அறிந்தார்கள். சொன்னவரும் தாளை நீட்டியவரும் ஒருவரே.

நான்கு பள்ளங்கள்

பெருநிறுவனங்களை விட்டுவிட்டு, நம்மைப் போன்ற தனிப் பயனாளர் விழும் பள்ளங்களைப் பார்ப்போம். அவற்றுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது, வரம்பற்ற அனுமதி. 2015இல் முன்மொழியப்பட்ட இ.ஆர்.சி-20 என்னும் நெறியின்படி, உங்கள் கணக்கிலுள்ள நாணயத்தை எடுத்துக்கொள்ள வேறொரு நிரலுக்கு நீங்கள் அனுமதி தரலாம். இவ்வசதி தேவையானதே. ஆனால், நூறு ரூபாய் வேலைக்கு வரம்பில்லாத தொகைக்கு அனுமதி கேட்பது பல தளங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த அனுமதி, நீங்களாக நீக்கும்வரை நிலைத்திருக்கும். தொகை எழுதாத புரோநோட்டு என்று இதைக் கூறினால் மிகையாகாது. 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவ் என்னும் அமைப்பின் பயனாளர்கள், இணையப் பக்கத்தில் நுழைக்கப்பட்ட இத்தகைய அனுமதிக் கோரிக்கைகளை ஏற்று, ஏறத்தாழ 12 கோடி டாலரை இழந்தனர்.

இரண்டாவது, கட்டணமில்லாக் கையொப்பம். சில கையொப்பங்கள் பேரேட்டுக்கு உடனே செல்வதில்லை, கட்டணமும் பிடிக்கப்படுவதில்லை. 'உள்ளே நுழைவதற்காக மட்டுமே' என்று கூறி வாங்குவார்கள். ஆனால், அக்கையொப்பமே பிறகு பணம் எடுக்கும் அதிகாரமாகப் பயன்படக்கூடும். கட்டணம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது பெரும்பிழை.

மூன்றாவது, ஒத்த முகவரி. நாம் முகவரியின் முதல் சில குறிகளையும் கடைசிச் சில குறிகளையும் மட்டுமே ஒப்பிடுகிறோம். அவை ஒத்திருக்கும் வேறொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து ஒரு சல்லிக்காசை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அது உங்கள் பழைய கணக்குப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டும்போது பணம் அங்கே போய்விடும்.

நான்காவது, போலிப் பக்கம். தெரிந்த நிறுவனத்தின் பக்கத்தைப் போலவே நிறமும் சின்னமும் கொண்டு, பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறியிருக்கும். 'இன்று மாலைக்குள் ஒப்புதல் தராவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று அவசரமும் ஊட்டும்.

படிக்கத்தக்கதாக ஆக்கும் வழிகள்

இவற்றுக்கு மாற்றுகள் இல்லாமல் இல்லை. தொழில்நுட்ப அறிஞர்கள் சில வழிகளை வகுத்துள்ளனர்.

கையொப்பமிட வேண்டிய செய்தியைக் குறிகளின் குவியலாக வைக்காமல், பெயரிட்ட கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு நெறி 2017இல் முன்மொழியப்பட்டது. யாருக்கு, எந்த நாணயம், எவ்வளவு, எந்த நாள்வரை என்பவை அதில் தனித்தனியே தெரியும். நாம் வங்கியில் நிரப்பும் செலுத்துச் சீட்டைப் போன்றது இது.

அடுத்தது, முன்னோட்டம். நீங்கள் ஒப்பமிடுவதற்கு முன்னரே, அக்கட்டளையைப் பேரேட்டின் அன்றைய நிலையில் ஒரு கணினி ஒத்திகை பார்த்து, 'இவ்வளவு உங்கள் கணக்கிலிருந்து போகும், இவ்வளவு வரும், இன்னாருக்கு இன்ன அனுமதி செல்லும்' என்று கூறிவிடும். எனினும், இதையும் முழுமையாக நம்புவதற்கில்லை. ஒத்திகைக்கும் நிகழ்வுக்கும் இடையே நிலை மாறலாம். ஒத்திகையில் ஒழுங்காகவும் நிகழ்வில் திருட்டுத்தனமாகவும் நடந்துகொள்ளும்படி நிரல் எழுதுவோரும் உள்ளனர்.

மூன்றாவது, 'தெளிவான கையொப்பம்'. ஒவ்வொரு நிரலும் தன் கட்டளைகளின் பொருளை மனிதர் படிக்கும் சொற்களில் விவரிக்கும் ஒரு கோப்பை முன்கூட்டியே வெளியிட வேண்டும். பணப்பைகளும் கைக்கருவிகளும் அதைக் கொண்டு பொருளைக் காட்ட வேண்டும். இதற்கான பொதுநெறி 2024இல் முன்மொழியப்பட்டது. இங்கு நாம் ஒரு கோரிக்கையை எழுப்பலாம். பொருளைச் சொற்களாக மாற்றும் கோப்பு ஒன்று இருக்குமானால், அச்சொற்கள் ஆங்கிலமாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் இருக்கலாம். 'இந்த நிரல் உங்கள் கணக்கிலுள்ள இந்த நாணயம் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறீர்கள்' என்று அந்தத் தோல் பை இளைஞரின் திரையில் தமிழில் எழுதியிருந்தால், அவர் செம்பூர் வரை வந்திருக்கத் தேவையில்லை.

நான்காவது, தனித் திரை. கணினித் திரை பொய் சொல்லலாம். ஆகவே, அதனோடு தொடர்பில்லாத இரண்டாவது கருவி ஒன்றில் அதே கட்டளையைத் தனியாகப் படித்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே ஒப்பமிட வேண்டும். வசீர்எக்ஸ், பைபிட் நிகழ்ச்சிகள் உணர்த்தும் பாடம் இதுவே. ஆறு பேர் கையொப்பமிட்டாலும் அறுவரும் ஒரே திரையைப் பார்த்தால், சாட்சி ஒருவரே.

நம் அருகிலேயே உள்ள பாடம்

இவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரேனும் கருதலாம். அவ்வாறன்று என்பதற்கு நம் அருகிலேயே சான்று உள்ளது. தாராவிக்கு வடக்கே, மித்தி ஆற்றுக்கு அப்பால், பாந்த்ரா குர்லா வளாகத்தில் தேசியப் பணச் செலுத்துக் கழகம் இயங்குகிறது. 2016இல் யு.பி.ஐ. முறையைக் கொண்டுவந்தது அக்கழகமே. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இம்முறையில் 2,000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. இங்குள்ள பூக்கடையிலும், தாராவியில் இட்லி விற்கும் அம்மாவின் கூடையிலும் அந்தச் சதுரக் குறி ஒட்டப்பட்டிருப்பதை நாள்தோறும் காண்கிறோம்.

இதிலும் ஏமாற்று நடந்தது. 'உங்களுக்குப் பணம் வருகிறது, இரகசிய எண்ணை இடுங்கள்' என்று கூறி, உண்மையில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பினார்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்று எத்தனையோ முறை அறிவிக்கப்பட்டது. ஆயினும், மக்கள் ஏமாந்துகொண்டே இருந்தார்கள். இறுதியில், தனிநபர் ஒருவர் மற்றொரு தனிநபரிடம் கோரிக்கை அனுப்பிப் பணம் கேட்கும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் கழகம் நிறுத்திவிட்டது. பணம் செலுத்துவதற்கு முன், பெறுபவரின் வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்றும் அதே ஆண்டில் விதித்தது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளிலும் 2025 ஏப்ரலுக்குள் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டில், புதிய கைபேசியில் வங்கிச் சாவியை நிறுவினால் அது இயங்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று மக்களுக்கு அறிவுரை கூறுவதோடு பொறுப்பாளர்கள் நின்றுவிடவில்லை. ஆபத்தான பொத்தானை எடுத்தார்கள், பெயரைக் காட்டினார்கள், நேரம் கொடுத்தார்கள்.

சட்டமும் பொறுப்பும்

கிரிப்டோ நாணயத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் சட்டம் படிப்படியாகவே உருவாகி வருகிறது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, தன் கட்டுப்பாட்டிலுள்ள வங்கிகள் இத்துறைக்குச் சேவை அளிக்கக் கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. 2022ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை, இவற்றிலிருந்து கிடைக்கும் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரியையும், பரிமாற்றத்தில் 1 விழுக்காடு பிடித்தத்தையும் கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் இந்நிலையங்கள் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. 2025 அக்டோபரில், வசீர்எக்ஸ் நிலையத்தில் நாணயம் வைத்திருந்த ஒருவரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே என்றும், ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பில் வைத்துக் காக்கத்தக்கது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

சொத்து என்று ஆகிவிட்டால், அதை மாற்றிக் கொடுக்கும் கையொப்பத்துக்கும் சொத்துப் பத்திரத்துக்குரிய மரியாதை கிடைக்க வேண்டாமா? வரி வாங்குவதற்குக் கணக்கு வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதே உரிமையோடு, கையொப்பத்திற்கு முன் விளக்கம் வேண்டும் என்றும் அது கேட்க வேண்டும். பணப்பை வெளியிடுவோரும் பரிமாற்ற நிலையத்தாரும் ஒவ்வோர் ஒப்புதலையும் பயனாளரின் மொழியில் விளக்க வேண்டும். வரம்பற்ற அனுமதியைத் தாமாகவே முன்வைக்கக் கூடாது. விளக்க இயலாத கட்டளையை 'படிக்க இயலாதது' என்று வெளிப்படையாகக் கூற வேண்டும். பெருந்தொகைக்கும் புதிய முகவரிக்கும் காத்திருப்பு நேரம் வைக்க வேண்டும். விளக்காமல் வாங்கிய ஒப்புதலால் இழப்பு நேர்ந்தால், விளக்கியதை மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் மீதே இருக்க வேண்டும். எழுத்தறிவற்ற கிழவிக்கு நம் நீதிமன்றங்கள் அளித்த பாதுகாப்பைவிட இது கூடுதலானது அன்று.

இதற்கு ஒரு மறுப்பும் கூறப்படும். 'உலகில் எங்கோ இருக்கும் நிரலுக்கு இந்தியச் சட்டம் எப்படிப் பொருந்தும்?' என்பார்கள். நிரல் எங்கோ இருக்கலாம். ஆனால், நம் ரூபாயை வாங்கிக்கொண்டு நாணயம் விற்கும் நிலையம் இங்கே பதிவு பெற்றது. அந்த வாயிலில் தொடங்குவோம். எல்லாக் களவையும் இது தடுக்கும் என்று நான் கூறவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கையொப்பமிடும் வாய்ப்பை மக்களுக்கு இது அளிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே, நாம் கைக்கொள்ள வேண்டியவற்றைக் கூறி முடிக்கிறேன்.

படிக்க இயலாத கோரிக்கைக்கு ஒப்புதல் தராதீர்கள். அனுமதி கேட்டால், அன்றைய வேலைக்குத் தேவையான தொகையை மட்டும் நீங்களே எழுதுங்கள். பழைய அனுமதிகளை மாதம் ஒருமுறை பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். சேமிப்புக்கு ஒரு பணப்பை, அன்றாடச் சோதனைக்கு வேறொரு பணப்பை என்று பிரித்து வையுங்கள்; கல்லாப் பெட்டியில் யாரும் வீட்டுப் பத்திரத்தை வைப்பதில்லை. முகவரியை முழுமையாக ஒப்பிடுங்கள். முதலில் சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததா என்று மறுபுறம் உள்ளவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். பணப்பையை மீட்கும் இரகசியச் சொற்களை எவருக்கும், எந்தப் பக்கத்திலும், எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துகிறவரைக் கண்டால் ஒரு நாள் தாமதியுங்கள். இழப்பு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் வங்கி வழியாகச் சென்றிருந்தால், விரைந்து கூறினால் நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு.

இன்னும் ஒன்று. அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதவும் வந்த கடிதத்தைப் படிக்கவும் தாராவியின் ஒவ்வொரு சந்திலும் ஒருவர் இருந்தார். காசு வாங்காமல் படித்துக் காட்டியவர்கள் பலர். இன்று கணினி பயின்ற இளைஞர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், உங்கள் பகுதி மக்களின் கைபேசித் திரையைப் படித்துக் காட்டுங்கள். அவர்களது இரகசிய எண்ணைக் கேட்காதீர்கள். பொத்தானை நீங்கள் தொடாதீர்கள். எழுதியிருப்பது என்ன என்று மட்டும் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

அந்தத் தோல் பை இளைஞர் அன்று என் வீட்டுத் திண்ணையிலேயே மறுக்கும் பொத்தானைத் தொட்டார். அந்தக் கோரிக்கை நேர்மையானதா, வஞ்சகமா என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. நேர்மையானதாக இருந்திருந்தால், அவர் ஒரு வாய்ப்பை இழந்திருக்கலாம். ஆனால், ஈராண்டுச் சேமிப்பு அவர் கையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு இப்போது இரண்டாவது தையல் எந்திரம் வாங்கியிருக்கிறார். அதற்கான கடைச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து, வரிக்கு வரி படித்துக் காட்டிய பிறகே கையொப்பமிட்டார்.